கார்த்தஹேனாவுக்கு ஒரு குறும்பயணம்: காற்று வகுக்கும் அட்டவணை

கொலம்பியாவின் கரீபியக் கரையில், திறந்த கடலுக்கும் உள்விரிகுடாவுக்கும் நடுவே கோட்டைச் சுவர் சூழ நிற்கும் கார்த்தஹேனா நகரத்துக்குக் குறும்பயணம் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலுடன்தான் தொடங்குகிறார்கள். பழைய நகரம், சான் பெலிப்பே கோட்டை, ரொசாரியோ தீவுகள், சேற்று எரிமலை, அலையாத்திக் காடு என்று அது நீளும். நாளொன்றுக்கு இரண்டு இடம் என்று பங்கு போட்டுவிட்டால் திட்டம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் அலுவலகக் கருத்தரங்கு ஒன்றுக்காக அங்கே சென்றிருந்தபோது, அப்படிப் பங்கு போட்டுக்கொண்டு வந்தவர்களின் திட்டங்கள் நண்பகல் வெயிலிலும் பிற்பகல் கடலிலும் குலைந்துபோவதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இந்த முறை குடும்பத்துடன் நான்கு இரவுகள் தங்குவதற்காக நான் போட்டிருக்கும் திட்டம், எந்த இடத்தைப் பார்ப்பது என்பதைவிட, எந்த இடத்தை எந்த நேரத்தில் பார்ப்பது என்ற கேள்வியிலிருந்து பிறந்தது. அந்த ஊரில் அந்தக் கேள்விக்கு விடை சொல்பவை காற்றும் வெயிலுமே.

நாங்கள் வசிக்கும் தெற்கு புளோரிடாவிலிருந்து கார்த்தஹேனாவுக்கு நேரடி விமானத்தில் மூன்று மணி நேரம்கூட ஆவதில்லை. கணவர், பள்ளியில் படிக்கும் மகள், சென்னையிலிருந்து எங்களைப் பார்க்க வரும் என் தம்பி ஆகியோரும் நானுமாகச் செல்கிறோம். கடலில் குதிக்கவும் முக்குளிக்கவும் ஆசைப்படுகிறவர்கள் தம்பியும் மகளும். பழைய கல்லையும் சுவரையும் நின்று பார்க்க விரும்புகிறவர்கள் மற்ற இருவர். ஒரே பயணத்தில் இரண்டும் அடங்கக்கூடிய நகரங்கள் கரீபியக் கரையில் அதிகமில்லை என்பதே இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம்.

முதலில் பருவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்த்தஹேனா ஏறக்குறைய 10.4 டிகிரி வட அட்சரேகையில், அதாவது நம் கோடியக்கரை, வேதாரண்யம் பகுதியின் நேர்கோட்டில் இருக்கிறது. ஆகவே அங்குள்ள வெயிலின் குணத்தைக் காவிரிக் கழிமுகத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும். குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மாறுவது மழையும் காற்றும் மட்டுமே. ஏறத்தாழ டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். அதன் பின் மழை தொடங்கி, நடுவே ஜூன் இறுதி, ஜூலையில் சற்று ஓய்ந்து, அக்டோபரில் உச்சத்தைத் தொடும். கரீபியப் புயல்கள் பெரும்பாலும் இந்தக் கரைக்கு வடக்கே கடந்து போய்விடுகின்றன என்றாலும், 2020 நவம்பரில் ஐயோட்டா புயலின் ஓரமழையே நகரத்தின் பெரும்பகுதியை வெள்ளக்காடாக்கியது என்பதால், "புயல் வராத ஊர்" என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. வறண்ட காலத்துக்கும் ஒரு விலை உண்டு. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வலுத்து, காலையில் அடங்கிக் கிடக்கும் கடலைப் பிற்பகலில் எழுப்பிவிடுகிறது. மழையைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் காற்றை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

நாங்கள் தை அமாவாசையை ஒட்டிய நாட்களைத் தேர்ந்தெடுத்தோம். கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை கொலம்பியர்களே விடுமுறைக்குக் குவியும் காலமாதலால் அறை வாடகை கூரையைத் தொடும். அது முடிந்தபின் போவது பணப்பைக்கு நல்லது. அமாவாசையைப் பார்த்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ரொசாரியோ தீவுகளில் இரவில் கடல்நீரைக் கையால் அளைந்தால் நீலப் பொறிகள் பறக்கும். ஒளியை உமிழும் நுண்ணுயிர்களின் வேலை அது. நிலவு இருந்தால் அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது. "அமாவாசைக்குப் படையல் முடித்துவிட்டுக் கிளம்புங்கள்" என்று சென்னையிலிருந்து அம்மா தொலைபேசியில் நிபந்தனை விதித்ததும் திட்டத்துக்குப் பொருந்திப்போயிற்று, ஏனென்றால் அமாவாசைக்கு அடுத்த ஓரிரு நாட்களிலும் பிறை சீக்கிரமே மறைந்து வானம் இருட்டாகிவிடும். பயணச் சீட்டு வாங்குவதற்கு முன் நாட்காட்டியின் தாளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் இப்படியும் பயன்படுகிறது.

அடுத்தது ஆவணங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குக் கொலம்பியா விசா கேட்கும். ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க விசா அல்லது ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா இருந்து, அதில் குறைந்தது 180 நாட்கள் மீதமிருந்தால், சுற்றுலாவுக்குத் தனி விசா தேவையில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இச்சலுகை உண்டு. விதிகள் மாறக்கூடியவை என்பதால் சீட்டு வாங்கும் நாளன்று தூதரகத்தின் பக்கத்தை மறுபடி பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கடவுச்சீட்டில் விசா முத்திரை காலாவதியானவர்கள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ குறுகிய பயணம் போய்த் திரும்பலாம் என்ற சலுகை கொலம்பியாவுக்குப் பொருந்தாது. கடவுச்சீட்டில் உயிருள்ள முத்திரை இல்லாமல் கார்த்தஹேனாவுக்குக் கிளம்பினால், திரும்புவதற்கு முன் ஏதேனும் ஓர் அமெரிக்கத் தூதரகத்தின் வாசலில் நிற்க நேரும். கொலம்பியாவின் குடிவரவுத் துறை கேட்கும் "செக்-மிக்" என்ற இணையப் படிவத்தை விமானம் கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையதன்று.

இவை எல்லாவற்றையும்விட என் தம்பிக்கு முக்கியமான தாள், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ். கார்த்தஹேனா நகரத்தில் மட்டும் தங்குபவருக்கு அந்நோய் தொற்றும் வாய்ப்பு குறைவுதான்; ஆனால் இந்திய அரசு ஊரைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் கொலம்பியா இருப்பதால், அங்கிருந்து கிளம்பிய ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் வந்திறங்கும் ஒருவரிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லையென்றால், அவரை விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தி, அந்த ஆறு நாட்கள் முடியும்வரை வைத்திருக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும். ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுவதற்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டுமே இதைப் போட்டுக்கொள்ள வேண்டும்; பிற மருத்துவமனைகளின் சான்று ஏற்கப்படாது. அறுபது வயதைக் கடந்தவர்களும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது சரியன்று. எங்கள் பயணத் தேதி முடிவானவுடன் நான் செய்த முதல் வேலை, விமானச் சீட்டு வாங்குவதற்கும் முன்பாக, தம்பியைக் கிண்டிக்கு அனுப்பியதுதான்.

இந்தத் தடுப்பூசித் தாளை ஓர் அலுவலகத் தொல்லையாக மட்டும் எண்ணிக்கொண்டு அந்த ஊருக்குப் போகிறவர்கள், அந்த ஊரின் வரலாற்றில் பெரியதொரு பங்கைத் தவறவிடுகிறார்கள் என்பேன். 1533இல் பெத்ரோ தே எரேதியா நிறுவிய இந்நகரம், தென்னமெரிக்காவின் வெள்ளியும் பொன்னும் ஸ்பெயினுக்குக் கப்பலேறிய துறைமுகமாக வளர்ந்தது; ஆகவே கொள்ளையரும் வந்தனர். 1586இல் பிரான்சிஸ் டிரேக் நகரைப் பிடித்துப் பணயப் பொருள் வாங்கிக்கொண்டு போனார். 1697இல் பிரெஞ்சுக்காரர்கள் சூறையாடினர். 1741இல் எட்வர்ட் வெர்னான் என்ற ஆங்கிலேயத் தளபதி ஏறக்குறைய 180 கப்பல்களுடனும் 25,000க்கும் மேற்பட்ட ஆட்களுடனும் வந்தபோது, நகரைக் காத்தவர் பிளாஸ் தே லேசோ என்ற ஸ்பானியக் கடற்படைத் தளபதி. முந்தைய போர்களில் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்து, ஒரு கையும் செயலற்றுப்போனவர் அவர். வெர்னான் வெளிக்கோட்டைகளைப் பிடித்து விரிகுடாவுக்குள் நுழைந்ததுமே வெற்றிச் செய்தி லண்டனுக்குப் போய்விட்டது. அவர் முன் லேசோ மண்டியிடுவதுபோல் பதக்கங்கள்கூட அங்கே அடிக்கப்பட்டன. ஆனால் ஏப்ரல் மாதத்தில் சான் பெலிப்பே கோட்டை மீது நடந்த தாக்குதல் முறியடிக்கப்பட்டது. கூடவே மழையும் இறங்கியது. மழையோடு கொசுவும், கொசுவோடு மஞ்சள் காய்ச்சலும் முகாமுக்குள் புகுந்தன. குழந்தைப் பருவத்திலேயே அந்நோயைக் கண்டு பிழைத்திருந்த உள்ளூர்க்காரர்களை அது பெரிதாகத் தொடவில்லை. புதிதாக வந்திறங்கிய ஆங்கிலேயர்களில் போரில் இறந்தவர்களைவிட நோயில் இறந்தவர்களே பல மடங்கு அதிகம். மே மாதம் கப்பல்கள் திரும்பிப் போயின. லேசோவும் அதே ஆண்டு செப்டம்பரில் அந்நகரத்திலேயே இறந்தார்.

அந்தக் கொசு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் வந்தது. இன்று சென்னையில் டெங்குவைப் பரப்புவதும் அதே இனம்தான். 1881இல் கியூபாவின் மருத்துவர் கார்லோஸ் பின்லாய் கொசுவைச் சுட்டிக்காட்டும்வரை, 1900இல் வால்டர் ரீட் குழு அதை உறுதி செய்யும்வரை, காய்ச்சலுக்குக் காரணம் கெட்ட காற்று என்றே எல்லோரும் நம்பினார்கள். தம்பியின் மஞ்சள் நிறக் கையேடு, கோட்டையின் பீரங்கிகளைப் போலவே அந்த ஊரின் கதைக்கு உரியது என்று நான் சொன்னபோது, "அக்கா, கையில் ஊசி வலிக்கிறது, வரலாறு பிறகு" என்று பதில் வந்தது.

இனி நாட்களின் வரிசை. பொதுவாக நகரத்தை முதலில் பார்த்து, களைத்தபின் கடைசி நாளைக் கடலுக்கென்று ஒதுக்குவார்கள். நான் அதைத் தலைகீழாக மாற்றியிருக்கிறேன். இறங்கிய மறுநாள் காலையே தீவுக்குக் கிளம்புகிறோம். கடல் கொந்தளிக்கும் நாட்களில் துறைமுக அதிகாரிகள் சிறு படகுகளைக் கிளம்பவே விடுவதில்லை. கடல் நாளைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்தால், தடை வந்தாலும் மறுநாளோ அதற்கு மறுநாளோ போகலாம். கடைசியில் வைத்தால் வாய்ப்பு போனது போனதுதான். ஸ்கூபா முக்குளித்தலும் இதையே சொல்கிறது. நீருக்கடியில் அழுத்தத்தில் மூச்சிழுத்தவர்களின் உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் முழுதும் வெளியேறுவதற்கு முன் விமானத்தில் ஏறக் கூடாது. ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட குறைந்தபட்ச அளவு. கிளம்பும் நாளுக்கு முந்தைய பிற்பகலில் முக்குளித்துவிட்டு விடியற்காலை விமானம் பிடிப்பவர்கள் தங்கள் மூட்டுகளையும் நரம்புகளையும் பணயம் வைக்கிறார்கள்.

தீவுகளுக்குப் போகும் விசைப்படகுகள் பழைய நகரத்துக்கு அருகே உள்ள லா போதெகீத்தா படகுத்துறையிலிருந்து காலை எட்டு, ஒன்பது மணிக்குக் கிளம்பி, பிற்பகல் மூன்று மணியை ஒட்டித் திரும்பிவிடுகின்றன. திரும்பும் நேரத்தை அப்படி வைத்திருப்பதற்குக் காற்றே காரணம். ஜனவரிப் பிற்பகலில் அலைக்கு எதிராக வரும் படகின் முன்வரிசையில் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு அலையும் முதுகெலும்பில் கணக்கெழுதும். பின்வரிசையில் நனைவது அதிகம், அடிபடுவது குறைவு. நான் பின்வரிசைக் கட்சி. படகுக் கட்டணத்துடன் சேராமல் படகுத்துறைக் கட்டணமும் தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணமும் தனியே கேட்கப்படும் என்பதையும், விலை பேசும்போதே இவை சேர்ந்தவையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

காலையில் போய் மாலையில் திரும்பும் ஒருநாள் சுற்றை அங்கே "பசாதியா" என்கிறார்கள். பெரும்பாலோர் அதையே வாங்குகிறார்கள். நான் அதை விட்டுவிட்டு, ரொசாரியோ தீவுக்கூட்டத்தில் பெரியதான இஸ்லா கிராந்தேயில் ஓரிரவு தங்க முடிவு செய்தேன். ஒருநாள் படகுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து ஒரே பவளத்திட்டின் மேல் நங்கூரமிடுகின்றன. தண்ணீருக்கடியில் மீனைவிட மனிதக் கால்களே அதிகம் தெரியும். தீவில் தங்குபவர்களுக்கு அவை வருவதற்கு முந்தைய காலை நேரமும், கடல் தட்டையாக இருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் சொந்தம். இரவில் தீவின் உட்கழியில் நுண்ணுயிர் ஒளியையும் பார்க்கலாம். அதற்காகத் தங்கும் இடத்தில் குளிர்சாதனத்தையும் வெந்நீரையும் எதிர்பார்க்கக் கூடாது; நன்னீர்கூடக் கரையிலிருந்து படகில் வர வேண்டிய தீவு அது. அங்குள்ள ஒரிக்கா என்ற சிற்றூரில் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் வாழ்கிறார்கள். மிதிவண்டியில் தீவைச் சுற்றிக் காட்டவும் துடுப்புப் படகில் அலையாத்திகளுக்கு நடுவே கூட்டிப் போகவும் அவர்களிலேயே வழிகாட்டிகள் உண்டு. செலவழிக்கும் பணம் அவர்கள் கைக்குப் போவது நல்லது.

பவளத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 1977இலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் என்றாலும், விளம்பரப் படங்களில் உள்ள வண்ணத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். பதினேழாம் நூற்றாண்டில் மக்தலேனா ஆற்றையும் கார்த்தஹேனா விரிகுடாவையும் இணைக்க ஸ்பானியர்கள் வெட்டிய திக்கே கால்வாய் இன்றும் ஆற்று வண்டலைக் கடலில் கொட்டிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் அந்தக் கலங்கல் தீவுகள் வரை பரவி, வெளிச்சத்தை மறைத்துப் பவளத்தை மூச்சுத் திணற வைக்கிறது. நீர் தெளிவாக இருப்பதற்கு வறண்ட மாதங்களே ஏற்றவை என்பதற்கும் இதுவே காரணம். பாரூ தீவில் உள்ள பிளாயா பிளாங்கா கடற்கரையை நான் திட்டத்தில் சேர்க்கவில்லை. மணல் வெண்மைதான், ஆனால் நாற்காலி, குடை, மசாஜ், மீன் என்று அடுத்தடுத்து வந்து கேட்பவர்களுக்கு விடை சொல்வதிலேயே அரைநாள் போய்விடும்.

தீவிலிருந்து திரும்பியபின் நகரம். இங்கே திட்டம் நாளின் இரண்டு நுனிகளில் மட்டுமே இருக்கிறது: காலை ஏழிலிருந்து பத்தரை வரை, மாலை நான்கரைக்குப் பின். நடுவில் உள்ள நேரத்தை அருங்காட்சியகத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுத்துவிட்டேன். சான் பெலிப்பே தே பராஹாஸ் கோட்டைக்குக் காலையில் கதவு திறந்தவுடன் போக வேண்டும். 1657இல் சிறிதாகக் கட்டி, 1762இல் அந்தோனியோ தே அரேவாலோ என்ற பொறியாளர் குன்று முழுவதையும் போர்த்துவதுபோல் விரித்த அந்தக் கல்மலையில் நிழல் என்பது சுரங்கப் பாதைகளுக்குள் மட்டுமே உண்டு. அந்தச் சுரங்கங்களில் ஒருவர் நடக்கும் ஓசை வெகுதூரம் கேட்கும். இருட்டில் எதிரி வருவதை அறிவதற்காக அப்படிக் கட்டினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மகளை முன்னே அனுப்பிச் சோதித்துப் பார்க்கலாம்.

அரேவாலோவின் இன்னொரு வேலையைப் பெரும்பாலோர் பார்க்காமலே கடந்து போகிறார்கள், ஏனென்றால் அது தண்ணீருக்குள் இருக்கிறது. விரிகுடாவுக்கு இரண்டு வாய்கள்: அகலமான போகாகிராந்தே, குறுகலான போகாசிகா. அகலமான வாயைக் காப்பது கடினம் என்பதால் 1771 முதல் 1778 வரை அதன் குறுக்கே கடலடியில் கற்சுவர் எழுப்பி அடைத்துவிட்டார்கள். இன்றும் பெரிய கப்பல்கள் சுற்றிக்கொண்டு போகாசிகா வழியாகவே நுழைகின்றன. தீவுக்குப் போகும் வழியில் அந்தக் குறுகிய வாயைக் காத்து நிற்கும் சான் பெர்னாந்தோ கோட்டையைப் படகிலிருந்தே பார்க்கலாம்; கோட்டைகளைப் பற்றிப் படித்ததை நிலத்தில் நின்று புரிந்துகொள்வதைவிடக் கடலிலிருந்து புரிந்துகொள்வது எளிது.

மாலை நடை பழைய நகரத்துக்குள். மணிக்கூண்டு வாயிலில் நுழைந்தவுடன் வரும் முக்கோணச் சதுக்கத்தில் இன்று இனிப்புக் கடைகளும் மதுக்கூடங்களும் நிறைந்திருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதர்களை விற்ற சந்தை அதே இடத்தில்தான் நடந்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் சான் பெத்ரோ கிளாவெர் தேவாலயம். அடிமைக் கப்பல்கள் வந்தவுடன் உணவும் மருந்தும் எடுத்துக்கொண்டு அவற்றின் அடித்தளத்துக்குள் இறங்கிய துறவி கிளாவெர் 1654இல் இறந்தார். 1888இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய எலும்புகள் பீடத்தின் கீழே கண்ணாடிக்குள் வைக்கப்பட்டுள்ளன. சற்றுத் தள்ளி, கத்தோலிக்க நெறிக்கு மாறானவர்களை விசாரித்துத் தண்டிப்பதற்காக 1610இல் இந்நகரில் தொடங்கிய மதவிசாரணை மன்றத்தின் மாளிகை. பலகணிகளில் தொங்கும் காகிதப்பூக் கொடிகளைப் படமெடுப்பதற்காகவே வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவை உண்மையிலேயே அழகானவை. ஆனால் இந்த மூன்று இடங்களையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் பார்க்காமல் திரும்பினால், அந்தப் பலகணிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே போய்விடும். சூரியன் ஆறு மணியை ஒட்டிக் கடலுக்குள் இறங்குவதைப் பார்க்கச் சாந்தோ தொமிங்கோ கொத்தளத்தில் கூட்டம் நெருக்கும்; சுவரின் மேலேயே வடக்கு நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் அதே சூரியன் இலவசமாகக் கிடைக்கும்.

மூன்றாவது முழுநாளை எதற்குக் கொடுப்பது என்பதில்தான் வீட்டில் விவாதம் நடந்தது. மகளுக்கு எல் தொத்தூமோ சேற்று எரிமலை வேண்டும். நகரத்திலிருந்து சாலையில் ஒரு மணி நேரத் தொலைவில், ஏறக்குறைய 15 மீட்டர் உயரக் கூம்பின் மேல் மரப்படி ஏறி, வெதுவெதுப்பான சாம்பல் நிறச் சேற்றுக்குள் இறங்க வேண்டும். நெருப்பு எரிமலை அன்று; நிலத்தடி வாயு சேற்றை மேலே தள்ளுகிறது. சேறு அடர்த்தியானதால் யாரும் மூழ்க முடியாது, நிமிர்ந்து நிற்கவும் முடியாது. படம் எடுத்துக் கொடுப்பவர், உடம்பைப் பிடித்துவிடுபவர், பக்கத்து நீர்நிலையில் கழுவிவிடும் பெண் என்று ஒவ்வொருவரும் இறுதியில் தனித்தனியே பணம் எதிர்பார்ப்பார்கள் என்பதால் சிறு நோட்டுகள் கொண்டுபோக வேண்டும். கூட்ட வண்டிகள் வருவதற்கு முன் காலையிலேயே போய்விட்டால், திரும்பும் வழியில் கலேராசம்பாவின் உப்பளங்களையும் பார்க்கலாம்; வறண்ட மாதங்களில் உப்பு செறியும்போது நுண்ணுயிர்களால் அந்த நீர் இளஞ்சிவப்பாக மாறும்.

தம்பிக்கு லா போக்கிய்யாவில் கைட் சர்ஃபிங், அதாவது பெரிய காற்றாடியின் இழுப்பில் பலகையில் நின்று கடல்மேல் சறுக்குவது, கற்க ஆசை. விமான நிலையத்துக்கு வடக்கே உள்ள அந்த மீனவக் குடியிருப்பில், மற்றவர்களைத் தொல்லைப்படுத்தும் அதே பிற்பகல் காற்றுதான் முதலீடு. ஜனவரி அதற்கு உச்சகாலம். ஆக, சேறு காலையிலும் காற்றாடி பிற்பகலிலும் என்று ஒரே வடக்குச் சாலையில் இரண்டும் அடங்கின. அவன் அலையோடு மல்லுக்கட்டும் நேரத்தில் நாங்கள் மீனவர் ஒருவரின் தோணியில் அலையாத்திச் சுரங்கங்களுக்குள் போவோம். உள்ளே காற்று புகாது. அங்கே வீச்சுவலை எறியவும் நண்டுப் பொறி வைக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள்.

என் பங்காக நான் கேட்டது சான் பசிலியோ தே பலென்கே. கார்த்தஹேனாவிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் பென்கோஸ் பியோஹோ என்பவரின் தலைமையில் உருவாக்கிய குடியிருப்புகளின் வழிவந்த ஊர் அது. அவரோடு செய்துகொண்ட உடன்படிக்கையை மீறி 1621இல் ஸ்பானியர்கள் அவரைக் கொன்றார்கள். ஊரை அழிக்க முடியவில்லை. ஸ்பானியச் சொற்களும் ஆப்பிரிக்காவின் பாந்து மொழிகளின் கூறுகளும் கலந்த தனி மொழியை இன்றும் பேசுகிறார்கள். 2005இல் யுனெஸ்கோ இவ்வூரின் பண்பாட்டை மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. இங்கே உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் போவதில் பொருளில்லை. நகரச் சதுக்கங்களில் பழக்கூடையைத் தலையில் சுமந்து நிற்கும் வண்ண உடைப் பெண்கள் இந்த ஊரின் மரபினர். அவர்களைப் படமெடுத்தால் பணம் கொடுக்க வேண்டும் என்று சிலர் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். அது அவர்கள் தொழில், கொடுப்பதே முறை என்பது என் எண்ணம்.

தங்குவதற்குச் சுவருக்குள் இருக்கும் விடுதிகள் எங்கள் கைக்கு எட்டவில்லை. விரிகுடா வாயின் பெயரையே கொண்ட போகாகிராந்தே என்ற கடற்கரைப் பகுதியின் அடுக்குமாடிகளில் கடற்காட்சி உண்டு, ஊர் இல்லை. கெத்செமனிப் பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். 1811 நவம்பர் 11 அன்று நகரத்தின் விடுதலைப் பிரகடனத்துக்காக ஆயுதத்துடன் திரண்ட கைவினைஞர்கள் வாழ்ந்த பேட்டை அது. திரினிதாத் சதுக்கத்தை ஒட்டிய அறைகளில் நள்ளிரவு வரை இசை ஓயாது. இரண்டு மூன்று தெரு தள்ளி எடுக்க வேண்டும். டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிவிட வேண்டும். ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 பேசோ என்று மனக்கணக்கு வைத்துக்கொண்டால் சுழியங்கள் மிரட்டாது. முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பானத்தைத் தொடக் கூடாது என்பதை வயது வித்தியாசமின்றி எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லை. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, தட்டிப் பொரித்த வாழைக்காய், பொரித்த மீன் என்ற மூன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும். சைவக்காரர்கள் மீனைத் தள்ளிவிட்டுப் பீன்ஸ் கேட்டுக்கொள்ளலாம். சோளமாவு அப்பத்துக்குள் முட்டையை ஊற்றிப் பொரிக்கும் அரேப்பா தே உவேவோ காலையில் தெருவோரத்தில் சூடாகச் சாப்பிட வேண்டியது, விடுதி மேசையில் அன்று.

தய்ரோனா தேசியப் பூங்காவைத் திட்டத்திலிருந்து நீக்கியதில் தம்பிக்கு இன்னும் வருத்தம். சாந்தா மார்த்தாவுக்கு அருகில் உள்ள அந்தப் பூங்காவுக்குச் சாலையில் போகவே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆண்டுக்குச் சிலமுறை, பிப்ரவரி முதல் பாதி உட்பட, காடு ஓய்வெடுக்கட்டும் என்று அதை மூடிவிடுகிறார்கள். நான்கு இரவுகளில் ஒன்றைப் பேருந்துக்குக் கொடுப்பதற்கு எனக்கு மனமில்லை. அது தனியாக ஒரு வாரம் கேட்கும் இடம்.

கடைசி நாள் பிற்பகல் விமானம் என்பதால், அன்று காலை பலென்கேவுக்குப் போகாமல், முந்தைய நாளின் கலேராசம்பாவை வெட்டிவிட்டுப் பலென்கேவை அந்த மூன்றாம் நாளிலேயே சேர்க்கலாமா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. தீவுப் படகுக்குத் தடை வந்தால் எப்படியும் ஏதோ ஒன்று விழும், அப்போது விழ வேண்டியது உப்பளம்தான் என்று மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். விமான நிலையம் பழைய நகரத்திலிருந்து கால் மணி நேரத் தொலைவிலேயே இருப்பதால், கிளம்பும் காலையில் மணிக்கூண்டு எதிரே உள்ள இனிப்புக் கடை வரிசைக்கு நேரமிருக்கும். பொரித்த சிறுதானியத்தையும் தேங்காயையும் வெல்லப் பாகில் உருட்டிச் சோம்பு மணத்துடன் விற்கும் அலெக்ரியா உருண்டைகள் பெட்டியில் சில நாட்கள் தாங்கும். சப்போட்டாவும் மாம்பழமும் எவ்வளவு இனித்தாலும் அங்கேயே சாப்பிட்டுத் தீர்த்துவிட வேண்டும். அமெரிக்கச் சுங்கத்தில் அவற்றை எடுத்து வைத்துக்கொள்வார்கள்.